கிளையன்ற் தானே நடத்தப்போற சைற்றுக்கு எந்த சிஎம்எஸ் போடுறது?

யாழ்ப்பாணத்தில வெப்சைற் செய்யத் தொடங்கிற பிள்ளையள் என்னட்ட வந்து கேக்கிற முதல் கேள்வி கிட்டத்தட்ட எப்பவும் ஒண்டுதான், அண்ணை வேர்ட்பிரஸ் போடுறதா வேற ஏதும் போடுறதா எண்டு. சிஎம்எஸ் எண்டா கோட் தெரியாத ஆளும் உள்ள போய்ச் சைற்றின்ர எழுத்தையும் படத்தையும் மாத்தக்கூடிய மென்பொருள், வேர்ட்பிரஸ் அதில ஒண்டு. நான் திருப்பிக் கேக்கிறது, நீங்கள் செய்து குடுத்திட்டு வந்த பிறகு அந்தச் சைற்றைத் தொடப்போறது ஆர், அவையின்ர கையில என்ன போன் இருக்கு, அவைக்குத் தமிழ் ரைப் பண்ணத் தெரியுமோ? கன பேரிட்ட அதுக்குப் பதில் இருக்காது. அதுக்குள்ள தீமும் வாங்கி டெமோவும் காட்டி அட்வான்சும் எடுத்து முடிஞ்சிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் படிச்சனான். வலிகாமப் பக்கம் ஒரு கோயிலுக்குச் சைற் செய்து குடுத்தனான், செயலாளர் ஐயா இளைப்பாறின ஆசிரியர், அறிவித்தல் எழுதினாரெண்டா ஒரு எழுத்துப் பிழை இருக்காது, அப்பிடிப்பட்ட மனுசன். ரெண்டு வருசத்துக்குப் பிறகு பாத்தா முகப்புப் பக்கத்தில முந்தின வருசத்துக் கொடியேற்ற நோட்டீஸ் அப்பிடியே கிடக்கு. நேர போய்க் கேட்டன். "தம்பி, உள்ள போனா எதைத் தொட எது கழண்டு விழுமோ எண்டு பயமாக் கிடக்கு" எண்டார். அவரின்ர லொகினைத் திறந்து பாத்தன், இடப்பக்க மெனுவில 20க்கு மேல சாமான், ஒவ்வொரு பிளகினும் (மேலதிக வசதிக்குச் சேக்கிற துண்டு மென்பொருள்) தன்ர பேரையும் கொண்டந்து அதுக்குள்ள செருகி வச்சிருக்கு, மேல அப்டேற் செய் செய் எண்டு சிவப்பில இலக்கம் வேற. அவருக்குத் தேவைப்பட்டது மூண்டே மூண்டு இடம், திருவிழா நிகழ்ச்சி, அறிவித்தல், படம். மிச்சம் எல்லாத்தையும் அவரின்ர கண்ணுக்கு முன்னால குவிச்சு விட்டது நான். அதுக்குப் பிறகு நான் சிஎம்எஸ் தெரிவு செய்யிற முறையை மாத்தினனான், அதைத்தான் இதில எழுதுறன்.

முதல்ல அவையின்ர இடத்துக்குப் போங்கோ

போனில கதைச்சு முடிக்காதேங்கோ, நேர போய் ஒரு மணித்தியாலம் இருங்கோ. ரியூசன் சென்ரர் எண்டா வாசல்ல ஒட்டியிருக்கிற நேரசூசியைப் பாருங்கோ, கோயில் எண்டா மடப்பள்ளிப் பக்கத்து நோட்டீஸ் போட், கெஸ்ற் ஹவுஸ் எண்டா முன் மேசைக் கொப்பி. பிறகு அவையின்ர ஃபேஸ்புக் பக்கத்தை எடுத்துக் கடைசி 6 மாசம் என்ன போட்டவை எண்டு ஒரு பேப்பரில எழுதுங்கோ. இதில இருந்து உங்களுக்கு ரெண்டு விசயம் விளங்கும். ஒண்டு, அவை உண்மையா என்னத்தை மாத்தினம். ரெண்டு, எத்தினை நாளுக்கு ஒருக்கா மாத்தினம். கிளையன்ற்றைக் கேட்டா "எல்லாத்தையும் நாங்களே மாத்தோணும்" எண்டுதான் சொல்லுவினம், அது அவையின்ர ஆசை, பிழையில்லை, ஆனா நோட்டீஸ் போட் சொல்லுறதுதான் நடக்கப்போற விசயம். ஒரு ரியூசன் சென்ரரில நான் எண்ணிப் பாத்ததில 6 மாசத்தில மாறின சாமான் நேரசூசியும் றிசல்ற் வந்த நேரம் போட்ட பிள்ளையளின்ர படமும் மட்டும்தான். எங்களைப் பற்றி, எமது நோக்கு, பணிக்கூற்று எல்லாம் ஒரு தரம் எழுதினா எழுதினதுதான்.

அங்க இருக்கேக்கயே ஒரு வேலை குடுங்கோ: ஐயா, வாற கிழமை நிகழ்ச்சி ஒண்டை எனக்கு வட்ஸ்அப்பில எழுதிப் படத்தோட அனுப்புங்கோ பாப்பம். எப்பிடிச் செய்யினம் எண்டு பாத்துக்கொண்டு இருங்கோ. சில பேர் தமிழில கடகடவெண்டு ரைப் பண்ணுவினம், சில பேர் கூகிள் கீபோர்ட்டில வாயால சொல்லி எழுத வைப்பினம், சில பேர் கையால எழுதி அதைப் படமெடுத்து அனுப்புவினம், சில பேர் அச்சகத்தில அடிச்ச நோட்டீசின்ர வேர்ட் ஃபைலை அப்பிடியே அனுப்புவினம். இந்தக் கடைசி ஆக்கள் விசயத்தில கவனம். எங்கட பக்கத்து அச்சகங்களில பாமினி எழுத்துரு கன காலமாப் புழக்கத்தில இருக்கு, அது யூனிகோட் (போனும் வெப்பும் விளங்கிற பொது எழுத்துமுறை) இல்லை, அடியில கிடக்கிறது ஆங்கில எழுத்து, குத்து வாற இடமெல்லாம் அரைப்புள்ளி. அதைக் கொப்பி பண்ணிச் சைற்றில போட்டா வாசிக்கிற ஆளுக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும். எந்த சிஎம்எஸ் போட்டாலும் இது தானாச் சரிவராது, அதால பாமினியை யூனிகோடா மாத்தி எடுக்கிற இடத்தை அவைக்குக் காட்டிக் குடுக்கிறதும் உங்கட வேலையில ஒரு பகுதி எண்டு இப்பவே கணக்கில எடுங்கோ.

இன்னொண்டு, கொம்பியூற்றர் இருக்கோ எண்டு கேளுங்கோ. என்ர கிளையன்ற் ஆக்களில பெரும்பாலானவை போனிலதான் எல்லாம் செய்யினம். அப்பிடியெண்டா நீங்கள் உங்கட பெரிய மொனிற்றரில எடிற்றரைப் பாத்து நல்லா இருக்கெண்டு சொல்லுறதில பிரயோசனம் இல்லை.

சிஎம்எஸ்ஸே தேவையோ எண்டு ஒருக்கா யோசியுங்கோ

பேப்பரில எழுதினதைத் திரும்பிப் பாருங்கோ. வருசத்துக்கு ரெண்டு தரம்தான் ஏதும் மாறுது எண்டா சிஎம்எஸ் போடாதேங்கோ. சாதாரண எச்ரிஎம்எல் பக்கமாச் செய்து குடுங்கோ, மாத்தம் வந்தா உங்களுக்கு ஒரு மெசேஜ், நீங்கள் பத்து நிமிசத்தில மாத்தி விடுங்கோ. காசு குறைவு, ஹக் பண்ண உள்ளுக்க ஒண்டும் இல்லை, 5 வருசம் கழிச்சும் அப்பிடியே ஓடும்.

ஒரே ஒரு அட்டவணைதான் அடிக்கடி மாறுது எண்டா, அந்த ரியூசன் சென்ரருக்கு நான் செய்த மாதிரிச் செய்யலாம். நேரசூசியைக் கூகிள் ஷீற்றில போட்டு, அதை வெப்பில பப்ளிஷ் பண்ணி, சைற் அதில இருந்து வாசிக்கிற மாதிரி எழுதினன். ஒப்பிசில இருக்கிற பிள்ளைக்கு ஷீற் ஏற்கெனவே பழக்கம், பெட்டிக்குள்ள நேரத்தை மாத்தினா சரி, கொஞ்ச நேரத்தில சைற்றிலயும் மாறும். புதுசா ஒரு பாஸ்வேர்ட் கூட அந்தப் பிள்ளை பாடமாக்க வேண்டி வரேல்ல. நான் செய்த வேலையில எனக்கு நல்லாப் பிடிச்ச ஒண்டு இது. ஆனா ஒரு விசயம், பப்ளிஷ் பண்ணின ஷீற்றை ஆரும் பாக்கலாம், அதுக்குள்ள மாணவரின்ர போன் இலக்கமோ கட்டணக் கணக்கோ இருக்கக்கூடாது, அதுகளுக்கு வேற ஃபைல் வையுங்கோ.

சரி, சிஎம்எஸ் தேவைதான் எண்டா

வேர்ட்பிரஸ்ஸில தொடங்குவம், ஏனெண்டா கடைசியில பாதிக்கு மேல அதுக்குத்தான் வந்து நிப்பியள். 2003 மே மாசம் வெளிவந்தது, இப்ப உலகத்தில இருக்கிற சைற்றுகளில 40 சதவீதத்துக்கு மேல அதிலதான் ஓடுது. எங்களுக்கு அதில பெரிய நன்மை என்னெண்டா நீங்கள் நாளைக்கு வெளிநாடு போனாலும் இந்த வேலையை எடுத்துச் செய்ய யாழ்ப்பாணத்திலயே வேற ஒரு பெடியன் கிடைப்பான். இதைச் சின்ன விசயமா நினைக்காதேங்கோ, எங்கட ஊரில ஆக்கள் வெளிக்கிட்டுப் போறது நடக்கிற விசயம், நீங்கள் போட்டா அந்தக் கோயில் என்ன செய்யும்?

ஆனா வேர்ட்பிரஸ்ஸை வெறுமனே நிறுவிக் குடுத்தா நான் அந்த ஐயாவுக்குச் செய்த பிழையைத்தான் நீங்களும் செய்வியள். கிளையன்ற்றுக்கு அட்மின் லொகின் அன்றாட வேலைக்குக் குடுக்காதேங்கோ, எடிற்றர் எண்ட றோல் குடுங்கோ, அதால பிளகின் போடவோ தீம் மாத்தவோ ஏலாது, மெனுவில பாதி தன்பாட்டில மறைஞ்சு போகும். எண்டாலும் எடிற்றரால முகப்புப் பக்கத்தையே குப்பைத்தொட்டிக்கு அனுப்ப ஏலும் எண்டதை மறக்காதேங்கோ. செய்தி மட்டும் எழுதுற ஆளெண்டா ஓதர் றோல் காணும், தான் எழுதினதை மட்டும் தொடலாம், படமும் ஏத்தலாம். அதுக்குக் கீழ இருக்கிற கொன்றிபியூற்றருக்குப் படம் ஏத்த ஏலாது, அதைக் குடுத்தா உங்களுக்குத்தான் ஒவ்வொரு நாளும் கோல் வரும்.

அடுத்தது எழுதுற திரை, அதையும் எடிற்றர் எண்டுதான் சொல்லுறது. 2018 டிசம்பரில வேர்ட்பிரஸ் 5.0 வந்தபோது, பந்தி, படம் ஒவ்வொண்டையும் தனித் துண்டா வைக்கிற பிளொக் எடிற்றர் வந்தது, நாங்கள் எழுதப் பழகினா நல்ல சாமான், ஆனா போனில ஒரு பந்தியைத் தொடப் போய்ப் பக்கத்துப் பிளொக்கை நகத்திப்போட்டு எங்க போச்செண்டு தேடுற ஆக்களை நான் கண்டிருக்கிறன். அதால திரும்பத் திரும்ப ஒரே வடிவத்தில வாற விசயத்துக்கு, திருவிழா, அறை வாடகை, பாடநெறி, நிர்வாக சபை உறுப்பினர், இதுகளுக்கெல்லாம் தனி வகையொண்டை உண்டாக்கிக் கஸ்டம் ஃபீல்ட் போட்டுக் குடுங்கோ. திகதி எண்டு ஒரு பெட்டி, உபயகாரர் எண்டு ஒரு பெட்டி, நேரம், படம். அவ்வளவுதான். போம் நிரப்பத் தெரியாத ஆள் எங்கட நாட்டில இல்லை, கிராம சேவையாளரிட்ட இருந்து பாங்க் வரைக்கும் நாங்கள் போம் நிரப்பி வளர்ந்த ஆக்கள், அதால பெட்டியைக் கண்டா ஒருத்தரும் பயப்பிடமாட்டினம். போனிலயும் போம் எண்டா வடிவா நிரப்பலாம். பக்கத்தின்ர அழகு உங்கட ரெம்பிளேற்றில பத்திரமா இருக்கும், அவை எதை நிரப்பினாலும் அது குலையாது. பெட்டிக்குப் பேர் வைக்கேக்க அவை பாவிக்கிற சொல்லையே வையுங்கோ, "ஈவென்ற் ஸ்பொன்சர்" எண்டு போடாமல் "உபயகாரர்" எண்டு போட்டா அந்த ஐயாவுக்கு விளக்கம் சொல்லவே தேவையில்லை.

இந்த ஃபீல்ட் வேலைக்குக் கன பேர் பாவிக்கிறது அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் எண்ட பிளகின். 2024 ஒக்ரோபரில வேர்ட்பிரஸ்.ஓர்க் அந்தப் பிளகினின்ர இடத்தில செக்கியூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் எண்டு தன்ர பிரதியைப் போட்டது, அதால உங்கட பழைய சைற்றுகளில எது ஓடுது, அப்டேற் எங்க இருந்து வருது எண்டு ஒருக்காப் பாத்து வையுங்கோ. ஒரு சைற்றின்ர உயிரே ஒரு பிளகினில தங்கி நிக்குதெண்டா அதின்ர செய்தியைக் கவனிச்சுக்கொண்டுதான் இருக்கோணும்.

இழுத்து வச்சுப் பக்கம் கட்டுற பேஜ் பில்டர் பற்றியும் சொல்லோணும். நாங்கள் கெதியாச் செய்து முடிக்க அது உதவும், ஓம், ஆனா கிளையன்ற்றின்ர கையில குடுக்கிறதுக்கு நான் இப்ப அதைத் தெரிவு செய்யிறதில்லை. ஒரு கெஸ்ற் ஹவுஸ் அக்கா அறை வாடகையை மாத்தப் போய், தலைப்பின்ர எழுத்தளவை மாத்தி, பிறகு அதைச் சரிப்படுத்தப் போய் இடைவெளியை மாத்தி, கடைசியில போனில பாத்தா வாடகை திரைக்கு வெளிய நிக்குது. அவ ஒரு பிழையும் செய்யேல்ல, அவவுக்கு முன்னால அத்தினை பிடி இருந்தா ஆரும் திருகித்தான் பாப்பினம். அதோட அந்த பில்டரை நிப்பாட்டினா பக்கத்தின்ர ஒழுங்கு முழுக்கப் போய் வெறும் எழுத்தும் படமும் மிஞ்சும், சிலதில எழுத்துக்கு நடுவில சதுர அடைப்புக்குள்ள குறியீடுகளும் கிடக்கும். அஞ்சு வருசம் கழிச்சு வாற பெடியன் அதைத் துப்பரவாக்கிறதுக்குப் புதுசாவே செய்துபோடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை, படம் பற்றி. வேர்ட்பிரஸ்ஸில எழுத்தை அழிச்சாக் குப்பைத்தொட்டியில 30 நாள் கிடக்கும், மாத்தி எழுதினாலும் பழைய பிரதியை எடுக்கலாம், ஆனா மீடியாவில படத்தை அழிச்சா அது குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேர போயே போடும். இதைக் கிளையன்ற்றுக்கு வாயாலயும் சொல்லுங்கோ, எழுதியும் குடுங்கோ. வேர்ட்பிரஸ் 5.3இல இருந்து 2560 பிக்சலுக்கு மேலான படத்தைத் தானாச் சின்னனாக்கிப் பாவிக்கும், அது நல்ல உதவி, ஆனா சேர்வரில பிஎச்பி அப்லோட் அளவு 2 எம்பியில கிடந்தா போன் படம் ஏறவே ஏறாது, குடுக்க முதல் அதைக் கூட்டிவிடுங்கோ.

மற்றதுகள்

ட்ரூபல் 2001இல இருந்து இருக்கு, ஃபீல்ட், உள்ளடக்க வகை, ஆருக்கு எந்த அனுமதி எண்டது எல்லாம் அதின்ர அடித்தளத்திலயே இருக்கு, மூண்டு மொழியில சைற் நடத்துற நிறுவனம், அஞ்சாறு பேர் எழுதி ஒராள் சரிபாத்து விடுற இடம் எண்டா உண்மையிலயே பலமான சாமான். ஆனா பாத்துக்கொள்ளத் தெரிஞ்ச ஆள் வேணும். ட்ரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சுது, அதில இருந்து புதுசுக்கு மாறுறது அப்டேற் மாதிரி இல்லை, கிட்டத்தட்டத் திரும்பக் கட்டுற வேலை. ஒரு சனசமூக நிலையத்துக்கு அந்தச் சுமையை வைக்காதேங்கோ.

ஜூம்லா 2005இல மாம்போ எண்ட சிஎம்எஸ்ஸில இருந்து பிரிஞ்சு வந்தது. பிளகின் இல்லாமலே பல மொழி செய்யலாம் எண்டது அதில எனக்குப் பிடிச்ச விசயம், வேர்ட்பிரஸ்ஸில அதுக்குப் பொலிலாங் மாதிரி ஒரு பிளகின் போடத்தான் வேணும். ஆனா கிளையன்ற்றுக்கு உள்பக்கம் விளங்க நாள் எடுக்கும், இஞ்ச அது தெரிஞ்ச ஆக்களும் குறைஞ்சு கொண்டு போகினம்.

கிர்பி, கிராவ் மாதிரி டேற்றாபேஸ் இல்லாம ஃபைலிலயே ஓடுறதுகள் சின்னச் சைற்றுக்கு நல்லா இருக்கும். பாக்கப் எடுக்கிறதெண்டா ஃபோல்டரைக் கொப்பி பண்ணினாச் சரி. கிர்பியின்ர உள்பக்கத்தில நீங்கள் என்ன பெட்டி வச்சியளோ அது மட்டும்தான் தெரியும், இந்தக் கட்டுரையில நான் கேக்கிற மாதிரியே இருக்கும், ஆனா சைற்றுக்கு லைசன்ஸ் காசு கட்டோணும். கிராவ் இலவசம்.

விக்ஸ், ஸ்குவயர்ஸ்பேஸ் மாதிரி மாசக் காசு கட்டுற இடங்கள்: அப்டேற், பாதுகாப்பு எல்லாத்தையும் அவை பாப்பினம், தனியா நிக்கிற கிளையன்ற்றுக்கு அது பெரிய நிம்மதி, அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். பிரச்சினை ரெண்டு. விக்ஸில கட்டின சைற்றை அப்பிடியே தூக்கிக்கொண்டு வேற ஹோஸ்ரிங்குக்குப் போக ஏலாது. மற்றது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில ஒரு டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாசம் 360 வரைக்கும் போச்சு, வருசம் இவ்வளவுதான் எண்டு நான் எழுதிக் குடுத்த கணக்கெல்லாம் ரெண்டு மாசத்தில பிழைச்சுப் போச்சு, தோட்ட வருமானத்தில கடை நடத்துற மனுசனிட்ட அதைப் போய்ச் சொல்லுறது லேசில்லை. டொலரில வாற செலவு எது, ரூபாயில வாறது எது எண்டு கொட்டேசனிலயே பிரிச்சுக் காட்டுங்கோ.

பனங்கட்டி, மிளகாய்த்தூள், ஊறுகாய் எண்டு ஒன்லைனில விக்கிற ஆக்களுக்கு ஷொப்பிஃபை பாவிக்கச் சுகம், ஆனா காசு வாங்கிறதுக்கு அதின்ர சொந்த வழியான ஷொப்பிஃபை பேமென்ற்ஸ் இலங்கைக்கு இல்லை, பேஹியர் மாதிரி உள்ளூர் வழியைத்தான் இணைக்கோணும். அது வேர்ட்பிரஸ்ஸின்ர கடைப் பிளகினான வூகொமர்ஸிலயும் ஏலும்.

பழைய மலர், நினைவுக் குறிப்பு, ஊர் வரலாறு எண்டு சேத்துக்கொண்டே போற திட்டம் எண்டா வேற மாதிரி யோசியுங்கோ. எங்கட நூல்களையும் ஆவணங்களையும் சேத்து வைக்கிற, 2005இல தொடங்கின நூலகம் தளம் விக்கிப்பீடியாவின்ர மென்பொருளான மீடியாவிக்கியில ஓடுது, பலர் சேர்ந்து சிறுகச் சிறுகப் போட்டு வளக்கிற வேலைக்கு விக்கி எவ்வளவு பொருந்துது எண்டதுக்கு எங்கட கண்ணுக்கு முன்னாலயே இருக்கிற சாட்சி அது. ஒரு ஊர்ச் சங்கம் தங்கட ஆவணங்களைப் போட வேர்ட்பிரஸ் கேட்டு வந்தா நான் முதல்ல நூலகத்தைத் திறந்து காட்டுறனான்.

தமிழை வச்சுச் சோதிச்சுப் பாருங்கோ

டெமோ ஆங்கிலத்தில எப்பவும் அழகாத்தான் இருக்கும். நீங்கள் தெரிவு செய்யப்போறதில உண்மையான தமிழ்ப் பந்தியொண்டைப் போடுங்கோ, அவையின்ர பழைய நோட்டீசில இருந்தே எடுங்கோ. சேமிச்சுத் திறந்தாக் கேள்விக்குறியா வருதெண்டா டேற்றாபேஸோ அதுக்கான இணைப்போ யூனிகோட்டுக்கு (யூரிஎஃப்8எம்பி4 எண்ட அமைப்புக்கு) சரியா அமைக்கேல்ல எண்டு அர்த்தம், பழைய ஹோஸ்ரிங்கில இது இப்பவும் நடக்குது. மெனுவில நீளமான சொல் வரேக்க உடையுதோ எண்டு பாருங்கோ, "உறுப்பினர்களுக்கான அறிவித்தல்கள்" எண்டது ஆங்கிலத்தில ஒரு சின்னச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டனுக்குள்ள அடங்காது.

இணைப்பு முகவரி இன்னொரு தொல்லை. தலைப்பைத் தமிழில எழுதினா முகவரியும் தமிழிலதான் வரும், ஆனா வட்ஸ்அப்பில போட்டா அது சதவீதக் குறியும் எண்ணுமா நீண்டு கிடக்கும். "யாழ்ப்பாணம்" எண்ட ஒரு சொல் மட்டும் 99 எழுத்தாகும், ஏனெண்டா அந்தச் சொல்லில யூனிகோட் கணக்குக்கு 11 குறி, ஒவ்வொண்டும் 9 எழுத்தா விரியும். வேர்ட்பிரஸ் 200இல வெட்டிப்போடும், அப்ப ரெண்டு சொல்லுக்கு மேல நிக்காது, ஒரே மாதிரித் தொடங்கிற தலைப்பெல்லாம் ஒரே முகவரியாகிப் பின்னால 2, 3 எண்டு இலக்கம் வரும். கிளையன்ற்றை ஒவ்வொரு தரமும் முகவரி மாத்தச் சொன்னா மறந்துபோவினம், அதால முகவரியை இலக்கத்தில வாற மாதிரித் தொடக்கத்திலயே அமைச்சு விடுங்கோ.

உறுப்பினர் பட்டியல் இருக்கிற சைற் எண்டா அகர வரிசையையும் பாருங்கோ. வெறுமனே விட்டா யூனிகோட் இலக்கப்படிதான் அடுக்கும், "கணபதி" முதல்ல வந்து "கண்ணன்" பிறகு வரும், தமிழ் அகர வரிசைக்கு அது பிழை, தமிழ் படிப்பிச்ச ரீச்சர் ஒராள் அதை முதல் நாளே கண்டுபிடிச்சவ.

காசு, பேர், சாவி

டொமைன் ஆரின்ர பேரில எண்டதை சிஎம்எஸ் தெரிவு செய்ய முதலே முடிவெடுங்கோ. உங்கட பேரிலயும் வேண்டாம், லண்டனில இருக்கிற ஒரு உறுப்பினரின்ர பேரிலயும் வேண்டாம், அமைப்பின்ர பேரில, அமைப்பின்ர பொது ஈமெயிலில. எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய மாணவர் சங்கத்தின்ர சைற் வெளிநாட்டில ஒருத்தரின்ர காட்டில வருசா வருசம் தானாப் புதுப்பிச்சுக்கொண்டு இருந்தது, காட் காலாவதியாச்சு, எச்சரிக்கை மெயில் எல்லாம் அவர் பாவிக்காத முகவரிக்குப் போச்சு, ஒரு நாள் காலமை சைற் இல்லை. பழைய விழாப் படங்கள் வேற ஒரிடத்திலயும் இல்லை. அந்தச் சங்கத்து ஆக்களின்ர முகம் எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு, அதால பாக்கப் எண்டது ஹோஸ்ரிங் காரர் எடுப்பினம் எண்டு விடுற விசயம் இல்லை, மாசத்துக்கு ஒருக்கா வேற ஒரு இடத்துக்கு இறக்கி வையுங்கோ, வச்சதைத் திறந்தும் பாருங்கோ.

எங்கட சங்கங்களில இன்னொரு விசயம், நிர்வாக சபை பொதுக்கூட்டத்துக்குப் பொதுக்கூட்டம் மாறும். பழைய செயலாளரின்ர பாஸ்வேர்ட்டைப் புதுச் செயலாளருக்குப் பேப்பரில எழுதிக் குடுக்கிற பழக்கத்தை விட்டு, ஒவ்வொருத்தருக்கும் தனி லொகின், பதவி முடிய அதை மூடுறது எண்டு வையுங்கோ. அதைச் செய்யச் சுகமான சிஎம்எஸ்ஸோ எண்டும் பாருங்கோ.

அப்டேற்றுக்கு ஆர் பொறுப்பு எண்டதை எழுத்தில வையுங்கோ. கிளையன்ற் உள்ளடக்கத்தை நடத்தலாம், பிளகின் அப்டேற்றை அவையின்ர தலையில போடுறது நியாயமில்லை. வருசத்துக்கு ஒரு சின்னத் தொகை பேசி எடுங்கோ, கேக்க வெக்கப்படாதேங்கோ, அது இல்லாட்டி அந்தச் சைற் ரெண்டாம் வருசம் ஆரின்ரையோ சூதாட்ட விளம்பரத்தைக் காட்டிக்கொண்டு நிக்கும்.

கடைசி முடிவு அவையின்ர கையில

இப்ப உங்கட மனசில ரெண்டு தெரிவு மிஞ்சியிருக்கும். ரெண்டிலயும் அரை நாள் வேலையில ஒரு வெறும் மாதிரியைச் செய்யுங்கோ, வடிவு ஒண்டும் வேண்டாம், பெட்டியள் இருந்தாக் காணும். அதைக் கொண்டுபோய் உண்மையா எழுதப்போற ஆளிட்டக் குடுங்கோ, தலைவரிட்டயோ முதலாளியிட்டயோ இல்லை. அவையின்ர போனில, அவையின்ர சிக்னலில. மூண்டு வேலை சொல்லுங்கோ: புது அறிவித்தல் ஒண்டு படத்தோட போடுங்கோ, போன கிழமை போட்டதில ஒரு திகதியை மாத்துங்கோ, ஒண்டை அழிச்சுப்போட்டுத் திரும்ப எடுங்கோ.

பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ, இதுதான் எனக்குச் சரியான கஷ்டமான பகுதி, கை நீட்டி "இல்லை அக்கா, அங்க அமத்துங்கோ" எண்டு சொல்லத்தான் வரும். சொல்லாதேங்கோ. எங்க நிக்கினம், எந்தச் சொல்லை ரெண்டாம் தரம் வாசிக்கினம், எந்த இடத்தில உங்கட முகத்தைப் பாக்கினம் எண்டு குறியுங்கோ. அந்த முகம் பாக்கிற இடம்தான் நாளைக்கு நீங்கள் இல்லாத நேரம் அவை கைவிடப்போற இடம். மூண்டாவது வேலையை, அதுதான் பிழையைத் திருத்துற வேலையை, தாங்களாச் செய்து முடிச்சினம் எண்டா அந்த சிஎம்எஸ்ஸை எடுங்கோ, மற்றதில எவ்வளவு வசதி இருந்தாலும் பரவாயில்லை. பிழைச்சாத் திரும்ப எடுக்கலாம் எண்டு தெரிஞ்ச ஆளுக்குப் பயம் போயிடும், பயம் போனா எழுதுவினம்.

அந்தக் கோயில் சைற்றையும் நான் இப்பிடித்தான் திரும்பச் செய்தனான், வேர்ட்பிரஸ்தான், ஆனா ஐயா உள்ள போனா மூண்டு மெனு, ஒவ்வொண்டுக்குள்ளயும் நாலஞ்சு பெட்டி. குடுக்கேக்க ஒரு பக்கத்தில எப்பிடிச் செய்யிறது எண்டு தமிழில பெரிய எழுத்தில அச்சடிச்சு லமினேற் பண்ணிக் குடுத்தனான், போன் திரையை ரெக்கோட் பண்ணி என்ர குரலில ரெண்டு நிமிச வீடியோ மூண்டும் வட்ஸ்அப்பில அனுப்பினனான். மூண்டு கிழமைக்குப் பிறகு நானாப் போன் எடுத்தன், அவை எடுக்கும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, எடுக்கமாட்டினம். தேர் அண்டைக்குக் காலமை 6 மணிக்கு நான் சைற்றைத் திறந்து பாத்தா தீர்த்தத்தின்ர நேரம் மாறினதை ஐயா முதல் நாள் இரவே போட்டிருக்கிறார், கீழ உபயகாரரின்ர பேரும் சரியா, வாசல்ல சாத்துப்படியோட எடுத்த படமும்.